கொடைக்கானல் கோடை முகாம்: சின்னப் பிள்ளைகளுக்கு முதல் நாளே ரிங்கைக் காட்டலாமா?

மூடுபனி கோச் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மே மாதம் கொடைக்கானலில் பத்து நாள் கூடைப்பந்து முகாம் நடத்துகிறோம். 36 பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வயது 9 முதல் 14 வரை. பாதிப் பேர் உள்ளூர், வில்பட்டி, அட்டுவம்பட்டி, பூம்பாறைப் பக்கம். மீதிப் பேர் தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் லீவுக்கு உறவினர் வீட்டுக்கு வருபவர்கள். ஒரு சிமெண்ட் கோர்ட், இரண்டு ரிங், பன்னிரண்டு பந்து, கோச் இரண்டே பேர்.

என் திட்டம் இதுதான்: முதல் நான்கு நாள் ஷூட்டிங்கே கிடையாது. ஓடி வந்து நிற்பது, நின்ற காலில் திரும்புவது, பாஸ், டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது), டிஃபென்ஸ் (எதிராளியைத் தடுக்கும்) நிலை. ஐந்தாம் நாள்தான் ரிங் பக்கம் போவது. பள்ளி ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 14 வயதுக்கு உட்பட்ட குறுவட்டப் போட்டியில் பந்து ரிங் வரை போய்ச் சேர்வதே பெரிய விஷயம். அதற்குள் டிராவல் (பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டே அடி வைப்பது), டபுள் டிரிபிள் (தட்டுவதை நிறுத்திப் பிடித்துவிட்டு மறுபடியும் தட்டுவது), இல்லாவிட்டால் நாலு பேர் சேர்ந்து பந்தைப் பிடுங்குவது.

கூட இருக்கும் கோச் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டாவது நாளே எல்லாம் ஏரியில் போட்டிங் போயிடுவாங்க" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பெரியகுளத்துக்காரன்

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. எங்கள் ஊரில் மே மாதம் அகில இந்தியப் போட்டி நடக்கும்போது பத்து வயதுப் பையன்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கண் எங்கே இருக்கும்? ரிங்கில்தான். மறுநாள் காலை கோர்ட்டுக்கு ஓடி வருவது அதற்காகத்தான். அந்தப் பிள்ளையிடம் போய் "நாலு நாள் ரிங்கைத் தொடாதே, காலை மட்டும் ஊன்று" என்றால் பூப்பந்து விளையாடப் போய்விடுவான்.

கால்தான் முக்கியம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஆசையை அடக்கிவைத்து எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. தினமும் கடைசி இருபது நிமிடம் ரிங்கைத் திறந்துவிடுங்கள். எப்படியாவது எறியட்டும்.

ஓய்வுபெற்ற பி.டி.

"எப்படியாவது எறியட்டும்" என்பதில்தான் எனக்குச் சிக்கல், தம்பி.

ரிங்கின் உயரம் 3.05 மீட்டர், அதாவது பத்தடி. இது யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்த உயரம் இல்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டிய பால்கனிக் கைப்பிடி பத்தடியில் இருந்தது, அவ்வளவுதான். விளையாடியவர்கள் வளர்ந்த ஆண்கள். அந்த உயரத்தை நம் ஊர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் தலைக்கு மேல் வைத்து, கையில் பெரிய ஆண்கள் ஆடும் ஏழாம் எண் பந்தைக் கொடுக்கிறோம். அந்தப் பந்து ஏறக்குறைய 600 கிராம். சின்னப் பிள்ளைகளுக்கான ஐந்தாம் எண் பந்து 500 கிராமுக்குள்தான் இருக்கும், சுற்றளவும் 70 சென்டிமீட்டர் அளவில்தான்.

பெரிய பந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கையில் பலம் போதாது. பந்தை இடுப்புக்குக் கீழே இறக்கி, முதுகை வளைத்து, இரண்டு கையாலும் சேர்த்து வீசுவான். முழங்கை வெளியே போகும். ஒன்றிரண்டு விழவும் விழும், அதுதான் ஆபத்து. விழுந்ததால் அதுவே சரி என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். பதினைந்து வயதில் பலம் வந்த பிறகும் அந்த வீச்சு போகாது. அதை மாற்ற ஒரு கோச் படும் பாடு இருக்கிறதே, புதிதாகக் கற்றுக்கொடுப்பதே தேவலை.

மினி கூடைப்பந்து என்று 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனியாகவே விதிகள் இருக்கின்றன. ரிங் 2.60 மீட்டர், பந்து ஐந்தாம் எண், ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும்) கோடு ரிங்குக்குப் பின்னால் உள்ள போர்டிலிருந்து 4 மீட்டர் (பெரியவர்களுக்கு 4.60). நம் பள்ளிகளில் அந்த ரிங்கை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

மூடுபனி கோச்

ஐயா, எங்கள் கம்பம் சிமெண்டில் புதைத்தது. இறக்க முடியாது. அதனால்தான் ரிங்கே வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆனந்தகிரி அண்ணன்

இறக்க வேண்டாம் கோச். கோர்ட்டை ஒட்டி உங்களுக்கு ஒரு கல்சுவர் இருக்கிறதே. வெல்டிங் பட்டறையில் சொன்னால் கம்பியை வளைத்து உள்விட்டம் 45 சென்டிமீட்டர் வருகிற மாதிரி வளையம் அடித்துத் தருவார்கள். பின்னால் ஒரு தகடு, நாலு போல்ட். 2.60 உயரத்தில் சுவரில் மாட்டினால் முடிந்தது. நாலு வளையம் மாட்டினால் சின்னப் பிள்ளைகளுக்கு நாலு ரிங். சுவர் உறுதியாக இருக்கிறதா என்று கொத்தனாரை வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள், பையன்கள் தொங்குவார்கள்.

தொங்குவது என்றதும் இன்னொன்று. உங்கள் பழைய கம்பங்களின் அடிப்பகுதியைத் தட்டிப் பாருங்கள். இங்கே வருடத்தில் பாதி நாள் மூடுபனியும் மழையும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், தரையோடு சேரும் இடத்தில் துரு தின்றிருக்கும். 2025 நவம்பரில் ஹரியானாவில் கம்பம் சாய்ந்து விழுந்து இளம் வீரர் ஒருவர் இறந்துபோனது எல்லோருக்கும் நினைவிருக்கும். முகாமுக்கு முன்னால் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

பூம்பாறைப் பூண்டு

நான் விளையாட்டுக்காரன் இல்லை, பெற்றோர். என் மகளுக்குப் பத்து வயது, இந்த முகாமுக்குத்தான் பெயர் கொடுத்திருக்கிறேன். பூண்டுத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு தினமும் பஸ்ஸில் கூட்டிவர வேண்டும். நான்கு நாள் நிற்கவும் திரும்பவும்தான் சொல்லித்தருவார்கள் என்றால், அதில் கற்றுக்கொள்ள அப்படி என்ன இருக்கிறது? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாயிண்ட் கார்டு அக்கா

அண்ணா, கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் பல்கலைக்கழக அணியில் ஆடியவள், இப்போது திண்டுக்கல்லில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கூடைப்பந்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. பிடித்தால் நிற்க வேண்டும். வேகமாக ஓடிவரும் பிள்ளை சட்டென்று நிற்பது சாதாரண வேலை இல்லை. இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் இறங்கி, முட்டி மடங்கி, பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, தலை நடுவில் இருக்க வேண்டும். நாங்கள் இதை ஜம்ப் ஸ்டாப் என்போம். இப்படி நின்றால் எந்தக் காலை வேண்டுமானாலும் ஊன்றிக்கொள்ளலாம். ஒரு காலுக்கு அப்புறம் இன்னொரு கால் என்று இறங்கினால் முதலில் இறங்கிய கால்தான் ஊன்றுகால், மாற்ற முடியாது. ஊன்றிய கால் இருந்த இடத்திலேயே இருக்க, மற்ற காலை எந்தப் பக்கமும் வைத்துத் திரும்பலாம். இதுதான் பிவட்.

இது இரண்டும் வந்துவிட்டால் உங்கள் மகள் பந்தைப் பிடித்ததும் பதற மாட்டாள். முன்னால் ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டு நின்றாலும் திரும்பி, பந்தை மறைத்து, தலையைத் தூக்கி யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்ப்பாள். வராவிட்டால் பந்து கைக்கு வந்த அடுத்த நொடி கண்ணை மூடிக்கொண்டு எங்கேயாவது எறிவாள். ஷூட்டிங்குக்கும் இதுவேதான் அடிப்படை. நிற்கத் தெரியாதவள் ஷூட் பண்ணும்போது உடம்பு முன்னால் போய்க்கொண்டே இருக்கும், பந்து போர்டைத் தாண்டிப் போகும்.

ஆனால் கோச், நான்கு நாள் இதை வரிசையில் நிற்கவைத்து விசில் ஊதிச் சொல்லிக்கொடுத்தால் நானே ஓடிவிடுவேன். விளையாட்டாக மாற்றுங்கள். நான் கிளித்தட்டு வைப்பேன். கோர்ட்டில் குறுக்கே சுண்ணாம்பில் கோடு போட்டு, தடுப்பவர்கள் கோட்டின் மேல் மட்டும் பக்கவாட்டில் நகரலாம் என்று சொல்லிவிடுவேன். தாண்டுபவர்கள் டிரிபிள் பண்ணிக்கொண்டே தாண்ட வேண்டும். தடுக்கும் பிள்ளை தானாகவே முட்டியை மடக்கி, காலைக் குறுக்கே போடாமல் நகர ஆரம்பித்துவிடும். காலைக் குறுக்கே போட்டால் ஆள் தாண்டிவிடுவான் என்று அதற்கே தெரியும். டிஃபென்ஸ் ஸ்லைடு பற்றி நான் வாயே திறக்க வேண்டியதில்லை. தாண்டுகிற பிள்ளையும் பந்தைப் பார்த்துக்கொண்டே போனால் அவுட், அதனால் தலை நிமிரும்.

பெரியகுளத்துக்காரன்

கிளித்தட்டு நல்ல யோசனை, அக்கா. ஆனாலும் கடைசி இருபது நிமிடத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம் 36 பேருக்கு லே-அப் (ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்தில் எம்பிப் பந்தைப் போடுவது) வரிசை வைக்கிற பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். கணக்குப் போடுவோம். ரிங்குக்கு 18 பேர். ஒருவன் ஓடி, எறிந்து, பந்தை எடுத்துக் கொடுக்க ஏழு நொடி என்று வையுங்கள். ஒரு சுற்று முடிய இரண்டு நிமிடத்துக்கு மேல். மணிக்கணக்கில் நின்றாலும் ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை பந்தைத் தொடுவது மொத்தம் மூன்று, மூன்றரை நிமிடம்தான். மீதி நேரம் முன்னால் நிற்பவன் முதுகில் கிள்ளுவது. அதுதான் பல முகாம்களில் நடக்கிறது, பெயர் மட்டும் கோச்சிங்.

பத்தலக்குண்டு த்ரீ பாயிண்டர்

+1. வரிசைதான் வில்லன்.

ஏழாம் நம்பர் ஜெர்சி

டிரில்லே வேண்டாம் என்பது என் கட்சி. மூன்றுக்கு மூன்று என்று பிரித்து அரை கோர்ட்டில் விடுங்கள், ஆட்டமே கற்றுக்கொடுத்துவிடும். டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே 3x3 வந்துவிட்டது.

டிராவல் டிராவல் என்று பயமுறுத்துவதையும் நிறுத்துங்கள் சார். இப்போது ஜீரோ ஸ்டெப் இருக்கிறது. பிள்ளைகள் யூடியூபில் பார்த்து யூரோ ஸ்டெப் (ஒரு அடி ஒரு பக்கம், அடுத்த அடி மறுபக்கம் வைத்து ஆளை ஏமாற்றுவது) வைக்கிறார்கள். நம் பள்ளி நடுவர்கள் பழைய ஞாபகத்தில் விசில் ஊதுகிறார்கள்.

ஓய்வுபெற்ற பி.டி.

தம்பி, விசில் ஊதிய பழைய ஆட்களில் நானும் ஒருவன்தான், அதனால் விதியைச் சொல்லிவிடுகிறேன். 2017 அக்டோபரில் உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதி மாறியது உண்மை. ஓடிக்கொண்டிருக்கும்போது பந்து கைவசம் வரும் நேரத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது, அதுதான் ஜீரோ ஸ்டெப். அதற்குப் பிறகு இரண்டு அடி வைக்கலாம். நல்ல மாற்றம்தான்.

ஆனால் அது ஓடுகிறவனுக்கு. நின்ற இடத்திலிருந்து டிரிபிள் தொடங்கினால், ஊன்றுகாலைத் தூக்குவதற்கு முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அதில் எதுவும் மாறவில்லை. சின்னப் பிள்ளைகளின் டிராவலில் பெரும்பகுதி இங்கேதான் வருகிறது, உங்கள் யூரோ ஸ்டெப்பில் இல்லை. நான் பார்த்தவரை நின்று பிடித்து, ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் பந்தைத் தட்டுகிறார்கள்.

மூன்றுக்கு மூன்று நல்லதுதான். ஆனால் ஒன்றும் தெரியாத ஆறு பேரை விட்டால் அது கூடைப்பந்தாக இருக்காது, பந்தின் மேல் ஆறு பேர் படுத்திருப்பார்கள்.

பாயிண்ட் கார்டு அக்கா

அதற்கு ஒரு வழி இருக்கிறது. மூன்றுக்கு மூன்று, ஆனால் டிரிபிளுக்குத் தடை. பந்தைப் பிடித்தால் நிற்க வேண்டும், திரும்பலாம், கொடுக்கலாம், அவ்வளவுதான். ஐந்து பாஸ் தொடர்ந்து போட்டால் ஒரு புள்ளி. ரிங்கே தேவையில்லை என்பதால் ஒரு கோர்ட்டில் 36 பேரையும் ஆறு ஆட்டமாகப் பிரிக்கலாம், பந்து ஆறு போதும். பந்து இல்லாதவன் ஓடி இடம் தேடினால்தான் ஆட்டம் நடக்கும் என்று பத்து நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள். பவுன்ஸ் பாஸ் வேண்டுமென்றால், இருவருக்கும் நடுவே உள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டி பந்து தரையில் படவேண்டும் என்று ஒரு தடவை காட்டிவிட்டால் போதும்.

ஏழாம் நம்பர் சார், உங்கள் கட்சியில் நானும் பாதி சேர்ந்துவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

இயற்பியல் வாத்தியார்

எல்லோரும் காலைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் பந்தைப் பற்றிப் பேசுகிறேன். கீழேயிருந்து வருபவர்கள் பந்தை நன்றாகக் காற்றடித்துக் காரில் போட்டுக்கொண்டு வருவார்கள். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். சமவெளியை விட வெளிக் காற்றழுத்தம் ஏறக்குறைய 3 பவுண்டு குறைவு. மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்ளுமே, அதே கதைதான் பந்துக்கும். கீழே 8 பவுண்டு இருந்த பந்து மேலே வந்ததும் கல் மாதிரி இருக்கும். குளிர் அதில் கொஞ்சத்தைக் குறைக்கும், முழுவதையும் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பந்தைப் பாஸ் போட்டால் விரல் மடங்கும், அடுத்த பாஸுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு "பயந்தாங்கொள்ளி" என்று பெயர் வேறு.

அதே நேரம் மதிய வெயிலில் சரியாகக் காற்றடித்து வைத்த பந்து மறுநாள் காலை ஏழு மணிக்குச் சோர்ந்து கிடக்கும். குளிரில் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் குறைந்துவிடும், ரப்பரும் விறைத்துப்போகும். பந்தில் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். பெரியவர் ஒருவர் தலை உயரத்திலிருந்து கைவிட்டுப் பாருங்கள், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே எழும்ப வேண்டும். நெஞ்சுக்கு வந்தால் காற்றை இறக்குங்கள். பம்பும் ஊசியும் கோர்ட்டிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, மதுரைப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு நாள் மூச்சு வாங்கும். கடல் மட்டத்தோடு பார்த்தால் இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். வில்பட்டிப் பையன் ஓடிக்கொண்டே இருப்பான், மதுரைப் பையன் இடுப்பில் கைவைத்து நிற்பான். சோம்பேறி என்று திட்டிவிடாதீர்கள். ஓட்டத்தைத் துண்டு துண்டாக வையுங்கள், குளிர்கிறதே என்று தண்ணீரை மறக்க விடாதீர்கள்.

மூடுபனி கோச்

வாத்தியார் சொன்ன காலைப் பந்து விஷயம் எங்களுக்குப் பழகிப்போனது, ஆனால் கீழேயிருந்து வரும் பந்து இறுகுவதை யோசித்ததே இல்லை. நன்றி.

எல்லாவற்றையும் படித்தபின் திட்டத்தை இப்படி மாற்றியிருக்கிறேன். ஒன்பது முதல் பதினொன்று வயதுக்காரர்கள் சுவர் வளையங்கள் பக்கம், ஐந்தாம் எண் பந்தோடு. அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே ஷூட்டிங் உண்டு, ஆனால் கைக்கெட்டும் தூரத்திலிருந்து மட்டும். பன்னிரண்டும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பெரிய ரிங்கில். தினமும் ஆரம்பம் கிளித்தட்டு, நடுவில் நிற்பது, திரும்புவது, பாஸ், அப்புறம் அக்காவின் டிரிபிள் இல்லாத ஆட்டம். மதியத்துக்கு மேல் கோடை மழை இறங்கிவிடும் என்பதால் எல்லாம் காலையிலேயே முடிந்துவிடும்.

லே-அப்பைக் கடைசி அடியிலிருந்து தொடங்கப்போகிறேன். வலக்கைப் பிள்ளை போர்டுக்குப் பக்கத்தில் இடக்காலில் நின்று எம்பி, பந்தைப் போர்டில் வரைந்திருக்கும் சதுரத்தில் படவைப்பது முதலில். அது வந்தபிறகு அதற்கு முந்தைய வலது அடி. அப்புறம்தான் ஒரு டிரிபிள். தூரத்திலிருந்து ஓடிவரச் சொன்னால் எந்தக் கால் எங்கே என்று குழம்பி, போர்டுக்கு அடியில் போய் நின்றுவிடுகிறார்கள்.

பெரியகுளத்துக்காரருக்கு: கடைசி இருபது நிமிடம் இல்லை, பத்து. பெரிய பந்து கிடையாது.

பெரியகுளத்துக்காரன்

பதினைந்து.

பத்தலக்குண்டு த்ரீ பாயிண்டர்

ஏலம் விடுகிறார்கள் பாருங்கள்.

ஓய்வுபெற்ற பி.டி.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளில் உயரமானவர்களுக்கு மைக்கன் டிரில் கொடுங்கள். ரிங்குக்கு நேர் கீழே, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று பந்தைக் கீழே விடாமல் மாற்றி மாற்றிப் போடுவது. அந்தக் கால அமெரிக்க வீரர் ஜார்ஜ் மைக்கன் ஆறடி பத்தங்குல உயரம், கல்லூரிக்கு வந்தபோது அசைவில் ஒரே தடுமாற்றம். அவருடைய கோச் ரே மேயர் இந்த டிரில்லோடு கயிறு தாண்டவும் நடனம் பழகவும் வைத்தார். அவ்வளவு உயரமான ஆளுக்கே காலைத்தான் முதலில் சரிசெய்தார்கள். நம் ஊரில் உயரமான பையன் கிடைத்தால் "நீ ரிங் அடியில் நில்லு" என்று சொல்லி அவன் காலைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறோம். அந்தப் பையன் 17 வயதுப் பிரிவுக்குப் போனதும் காணாமல் போய்விடுவான்.

பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஆறாம் எண் பந்து. பந்து குறைவாக இருக்கிறது என்று ஏழாம் எண்ணைத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

ஆனந்தகிரி அண்ணன்

கோர்ட்டில் ஓரமாகப் பாசி பிடித்திருக்கிறது, நேற்றுப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்துத் தென்னந்துடைப்பத்தால் தேய்க்க வேண்டும். முகாமுக்கு இரண்டு நாள் முன்னால் செய்தால் போதும், நான் ஆள் கூட்டி வருகிறேன். ஜம்ப் ஸ்டாப் பழகும் இடத்தில் பாசி இருந்தால் முட்டி போய்விடும்.

கீழேயிருந்து காரில் வருபவர்கள் இ-பாஸ் எடுத்துவிட்டு வரட்டும். அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை.

பூம்பாறைப் பூண்டு

எல்லோருக்கும் நன்றி. மகளிடம் படித்துக்காட்டினேன். கிளித்தட்டு என்றதும் "அது எனக்குத் தெரியுமே" என்றாள். சுவர் வளையம் எப்போது மாட்டுவார்கள் என்றும் கேட்கச் சொன்னாள். ஒரு பந்து வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கடையில் லெதர் என்று ஒன்று விலை அதிகமாகச் சொல்கிறார்கள். அது வேண்டுமா?

மூடுபனி கோச்

வேண்டாம் அண்ணா. லெதர் உள்ளரங்கத் தரைக்கு. நம் சிமெண்ட் கோர்ட்டிலும் ஈரத்திலும் ஒரே மாதத்தில் தோல் உரிந்துவிடும். ஐந்தாம் எண் ரப்பர் பந்து போதும், பந்தின் மேலேயே 5 என்று அச்சடித்திருக்கும். கடையில் காற்றைக் கொஞ்சம் குறைவாகவே வைக்கச் சொல்லுங்கள். காலணி புதிதாக வாங்க வேண்டியதில்லை, அடிப்பாகம் தேயாததாக இருந்தால் சரி. வளையம் இந்த வாரக் கடைசியில் மாட்டுகிறோம். அப்போது அவளைக் கூட்டி வாருங்கள், உயரத்தை அவளை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம்.